காற்று கண்ணாடிக்கே போகிறதா? கார் ஏசியின் வேக்குவம் கன்ட்ரோல்களைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

ஏசி நன்றாகக் குளிர்கிறது, ப்ளோயரும் நான்கு வேகத்திலும் ஓடுகிறது. ஆனால் முகத்துக்கு வர வேண்டிய காற்று முன் கண்ணாடிக்கே போகிறது, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறுவதில்லை. இதைப் பார்த்ததும் கேஸ் நிரப்பச் சொல்பவர்களும் உண்டு, டாஷ்போர்டைக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே பெரும்பாலும் வீண் செலவு. இந்தப் பழுதின் காரணம் பல வண்டிகளில் ஒரு சாண் ரப்பர் குழாய்தான்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் தடுமாறுவது சோதனை முறையில் அல்ல, வரிசையில். வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை, எஞ்சினில் தொடங்கி, அதைச் சேமிக்கும் டேங்க் வழியாக, குமிழ் இருக்கும் பேனலுக்கு வந்து, அங்கிருந்து காற்றைத் திருப்பும் கதவான ஒவ்வொரு ஃபிளாப்புக்கும் பிரிகிறது. அதே வரிசையில் சோதித்தால் கழற்ற வேண்டியது மிகக் குறைவு.

1. வண்டி வேக்குவம் வகைதானா என்று முதலில் பாருங்கள்

காற்றைத் திருப்பும் ஃபிளாப்களை கேபிள், மின் மோட்டார், வேக்குவம் ஆகிய மூன்றில் ஒன்று இயக்கும். மாருதி 800 போன்ற சின்ன வண்டிகளில் கேபிள். இப்போது வரும் வண்டிகள் பெரும்பாலும் மின் மோட்டார். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க வண்டிகளில்தான் வேக்குவம் பரவலாக இருந்தது: ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, எக்ஸ்ப்ளோரர், ஜீப் செரோக்கி, ரேங்க்ளர் டிஜே. பழைய மெர்சிடிஸ் வண்டிகளும் இந்த வகையே. 1995 முதல் புனேயில் அசெம்பிள் செய்யப்பட்ட டபிள்யூ124-உம் இதில் சேரும்.

உறுதி செய்ய எளிய வழி: கிளவ் பாக்ஸை இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டையான வட்டப் பெட்டி, அதில் பென்சில் முனை அளவு ஒரு நிப்பிள், அதில் செருகிய மெல்லிய வண்ணக் குழாய் தெரிந்தால் அது ஃபிளாப்பை நகர்த்தும் வேக்குவம் ஆக்சுவேட்டர். ஒயரும் கனெக்டரும் தெரிந்தால் மோட்டார்.

ஒரே வண்டியில் இரண்டும் கலந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். மேற்சொன்ன ஃபோர்டுகளில் காற்றின் திசையை வேக்குவம் மாற்றும். சூடு, குளிர் கலவையை மின் மோட்டார் பார்த்துக்கொள்ளும். ஆகவே "காற்று சூடாகவே வருகிறது" என்ற புகாருக்கு வேக்குவம் குழாயைத் தேடிப் போவது தவறான தொடக்கம். சில ஜீப்களில் ஹீட்டர் குழாயில் வேக்குவத்தால் இயங்கும் தண்ணீர் வால்வு இருக்கும். அந்த வண்டிகள் மட்டும் விதிவிலக்கு.

2. கையில் இருக்க வேண்டியவை

கேஜ் உள்ள கை வேக்குவம் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். பிரேக் பிளீடிங்குக்கு விற்கும் கிட்டில் வருவதே போதும். கேஜ் 0 முதல் 30 அங்குல பாதரசம் வரை காட்ட வேண்டும். மில்லிமீட்டரில் காட்டினால் 25.4-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 20 அங்குலம் என்பது 508 மி.மீ., கிலோபாஸ்கலில் சுமார் 68.

கூடவே 3 மி.மீ., 4 மி.மீ. டீ (T வடிவ) இணைப்புகள், அதே அளவில் அரை மீட்டர் வேக்குவம் ஹோஸ், நிப்பிளை அடைக்க நான்கைந்து ரப்பர் மூடிகள், மாஸ்கிங் டேப், மார்க்கர், டார்ச், சின்னக் கண்ணாடி. சத்தம் தேட, ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாலே போதும்.

காற்று கம்ப்ரசர் வேண்டவே வேண்டாம். அடைப்பை ஊதி எடுக்கலாம் என்று குழாயில் அழுத்தக் காற்றை விட்டால், மறுமுனையில் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் நல்ல ரப்பர் சவ்வு (டயஃப்ராம்) கிழிந்துவிடும். உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்ட பாகம் அது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்காது.

பேனலைக் கழற்றும் கட்டம் வந்தால் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து தொடங்குங்கள். ஏர்பேக் அருகிலேயே இருக்கிறது. மஞ்சள் நிற ஒயர் கனெக்டர்களைத் தொடாதீர்கள்.

3. எதையும் கழற்றுமுன் அறிகுறியைப் படியுங்கள்

எஞ்சினை ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல்) ஓடவிட்டு, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஒவ்வொரு மோடையும், அதாவது குமிழ் காட்டும் காற்றுத் திசையையும், 10 விநாடி நிறுத்திப் பாருங்கள். எந்த மோடில் காற்று எங்கே வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான். இந்தத் தாள் பாதிப் பழுதைச் சொல்லிவிடும்.

வேக்குவம் போனால் ஸ்பிரிங் ஃபிளாப்பை ஒரு பக்கம் தள்ளிவிடும். பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பக்கம் டிஃப்ராஸ்ட், அதாவது முன் கண்ணாடி. பாகம் பழுதானாலும் ஓட்டுநருக்குச் சாலை தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்தால் அறிகுறிகள் தாமாகப் புரியும்.

எல்லா மோடிலும் கண்ணாடிக்கே போனால், பேனலுக்கு வேக்குவமே வந்து சேரவில்லை. சமதரையில் சரியாக இருந்து, மேடு ஏறும்போதோ ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ மட்டும் கண்ணாடிக்குப் போய், காலை எடுத்ததும் திரும்பி வந்தால் செக் வால்வு (ஒருவழி வால்வு), டேங்க் அல்லது சின்னக் கசிவு. ஒரே ஒரு மோடு மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்த ஃபிளாப்பின் குழாய், ஆக்சுவேட்டர், அல்லது குமிழின் பின்னால் உள்ள ஸ்விட்சில் அந்தத் துளை.

அடுத்து ப்ளோயரை நிறுத்திவிட்டு 'ஸ்ஸ்' சத்தத்தைத் தேடுங்கள். முகத்துக்கான மோடில் சத்தம் இருந்து, டிஃப்ராஸ்ட்டில் வைத்ததும் நின்றால் கசிவு ஸ்விட்சுக்கு அப்பால், ஆக்சுவேட்டர் பக்கம். டிஃப்ராஸ்ட்டில் பெரும்பாலான ஆக்சுவேட்டர்களுக்கு வேக்குவம் போகாது என்பதால் சத்தமும் நின்றுவிடுகிறது. எல்லா மோடிலும் சத்தம் இருந்தால் ஸ்விட்சோ, அதற்கு முன்னால் உள்ள குழாயோ.

பிரேக் பெடலையும் அழுத்திப் பாருங்கள். பெடலை எளிதாக அழுத்த உதவும் பூஸ்டருக்கும் அதே மூலத்திலிருந்துதான் வேக்குவம் போகிறது. பெடல் கல்லாக இருந்தால் ஏசியை ஒதுக்கிவைத்து பிரேக்கை முதலில் சரிசெய்யுங்கள்.

4. எஞ்சினில் மூலத்தை அளவிடுதல்

எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஏசிக்குப் பிரியும் மெல்லிய குழாயைக் கண்டுபிடித்து, டீ இணைப்பு வைத்து கேஜை மாட்டுங்கள். குழாயை எடுத்துவிட்டு கேஜை மட்டும் மாட்டாதீர்கள். அப்படிச் செய்தால் எஞ்சின் தரும் வேக்குவம் தெரியுமே தவிர, அமைப்பு முழுவதும் இணைந்திருக்கும்போது எவ்வளவு மிஞ்சுகிறது என்பது தெரியாது. டீ வைத்தால் இரண்டையும் பார்க்கலாம்.

சூடான பெட்ரோல் எஞ்சின், ஐடில், கடல்மட்டம்: 17 முதல் 21 அங்குலம் வர வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். உயரம் ஆயிரம் அடி கூடினால் சுமார் ஒரு அங்குலம் குறையும். டென்வர் போல 5,280 அடியில் இருக்கும் ஊரில் 14 காட்டினால் அது பழுதல்ல. இதைத் தெரியாமல் நல்ல எஞ்சினைச் சந்தேகிப்பவர்கள் உண்டு.

இப்போது ஏசி பக்கக் குழாயின் ரப்பர் பகுதியை விரலால் மடக்கி அடையுங்கள். கேஜ் சட்டென்று ஏறினாலோ ஐடில் மாறினாலோ, கசிவு அந்தக் கிளையில்தான். கெட்டியான பிளாஸ்டிக் குழாயை மடக்கவோ இடுக்கியால் நசுக்கவோ கூடாது. பழைய நைலான் பொரி போல நொறுங்கும்.

பெரிய கசிவு என்றால் எஞ்சினுக்குள் கணக்கில் வராத காற்று போகும். செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் (எரிபொருளுக்கு அதிகமான காற்று) வந்திருந்தால் அதை ஆக்சிஜன் சென்சார் பழுது என்று முடிவு செய்யுமுன் இந்தக் குழாயைப் பாருங்கள்.

டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் பயன்படும் அளவு வேக்குவம் கிடைக்காது. தனி பம்ப் இருக்கும். அதில் ஐடிலிலேயே 20-க்கு மேல் எதிர்பார்க்கலாம். பழைய மெர்சிடிஸ் டீசல்களில் எஞ்சினை நிறுத்துவதும் வேக்குவம்தான். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் ஏசி பழுதும் அதுவும் ஒரே காரணத்தால் வந்திருக்கலாம். டபிள்யூ123-ல் கதவுப் பூட்டுகளும் இதே மூலத்தில் தொங்குகின்றன. அந்தக் கிளையையும் தனியாக அடைத்துப் பாருங்கள்.

5. செக் வால்வும் டேங்கும்

ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது மேனிஃபோல்டில் வேக்குவம் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நேரத்தில் ஃபிளாப்களைப் பிடித்து வைப்பது டேங்கில் சேர்ந்திருக்கும் வேக்குவம்; அது எஞ்சினுக்குத் திரும்பி ஓடாமல் தடுப்பது செக் வால்வு.

கருவி இல்லாத முதல் சோதனை: முகத்துக்கு வரும் மோடில் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, ப்ளோயரை ஓட்டி, மோடை மாற்றிப் பாருங்கள். எஞ்சின் ஓடாமலே இரண்டு மூன்று முறையாவது காற்று திசை மாற வேண்டும். நிறுத்திய உடனேயே கண்ணாடிக்குப் போனால் அடுத்த சோதனைக்குப் போங்கள்.

செக் வால்வைக் கழற்றி, டேங்க் பக்கம் இருந்த முனையில் பம்பை மாட்டி 18 அங்குலம் இழுங்கள். ஒரு நிமிடம் முள் அசையக் கூடாது. பிறகு எஞ்சின் பக்க முனையில் மாட்டி இழுங்கள். இப்போது ஏறவே கூடாது, காற்று தாராளமாக வர வேண்டும். இரண்டு பக்கமும் நின்றால் அடைப்பு. இரண்டு பக்கமும் நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் மடல் போய்விட்டது. திரும்ப மாட்டும்போது திசை முக்கியம். தலைகீழாக மாட்டினால் டேங்கில் எதுவுமே சேராது, நல்ல வால்வும் பழுதானது போலத் தெரியும்.

டேங்க் என்பது உருண்டையாகவோ பெட்டியாகவோ இருக்கும் வெறும் பிளாஸ்டிக் கலம். மற்ற நிப்பிள்களை அடைத்து 18 அங்குலம் இழுங்கள். ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பெரிய கலம் என்பதால் பல முறை பம்ப் அடித்த பிறகே முள் ஏறத் தொடங்கும், பொறுமையாக அடியுங்கள். ஜீப் செரோக்கியில் இந்த டேங்க் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. லேசாக இடித்த வண்டி, பம்பர் மாற்றிய வண்டி என்றால் முதலில் அங்கே பாருங்கள். பம்பரை மாற்றியவர்கள் குழாயை மாட்ட மறந்து, அது தொங்கிக்கொண்டிருப்பது சகஜம்.

6. ஃபயர்வால் வரை குழாயைத் தொட்டுப் பாருங்கள்

ஃபயர்வால் என்பது எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவர். அதுவரை கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் முழு நீளமும் தடவுங்கள். குழாய் கெடும் இடங்கள் சில மட்டுமே. பேட்டரிக்கு அடியிலோ பக்கத்திலோ போகும் பகுதியை ஆசிட் தின்றிருக்கும். எக்ஸாஸ்ட் அருகில் வெந்து விறைத்திருக்கும். ஃபயர்வால் துளையில் ரப்பர் புஷ் இல்லாமல் தகரத்தில் உராய்ந்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் எலி கடித்திருக்கும். ரப்பர் இணைப்புகளின் அடிப்பக்க வெடிப்பு மேலிருந்து தெரியாது, திருப்பிப் பாருங்கள்.

குழாய்க்குள் எண்ணெய் ஈரம் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள். எண்ணெய் ரப்பர் டயஃப்ராமை ஊதவைத்துவிடும். ஆக்சுவேட்டரை மாற்றினாலும் மறுபடியும் கெடும்.

குழாய் தேடும்போது கார்பரேட்டர் கிளீனரைத் தெளித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். கை பம்ப் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையே இல்லை.

7. பேனலுக்குப் பின்னால்: முழு வேலையின் மையம்

இதுவரை எல்லாம் சரியென்றால் பேனலை வெளியே இழுங்கள். மோடு ஸ்விட்சின் பின்னால் பல குழாய்களும் ஒரே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் கனெக்டரில் சேர்ந்திருக்கும். கழற்றுமுன் போன் கேமராவில் ஒரு படம், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எண். நிறங்கள் வண்டிக்கு வண்டி மாறும். வேறொரு மாடலின் வரைபடத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கனெக்டரை நேராக இழுக்க வேண்டும், அசைத்து அசைத்து எடுத்தால் நிப்பிள் உடையும். குளிர்நாட்டில் இருந்தால் உள்ளே ஹீட்டரை ஓடவிட்டு பிளாஸ்டிக் இளகிய பிறகு தொடங்குங்கள்.

முதலில் எஞ்சின் பக்கமிருந்து வேக்குவத்தைக் கொண்டுவரும் வரத்துக் குழாய். கேஜை அதில் மாட்டி, பேட்டரியின் நெகட்டிவை மறுபடி இணைத்து, எஞ்சினை ஐடிலில் ஓட்டுங்கள். மேனிஃபோல்டில் பார்த்த அதே அளவு இங்கேயும் வர வேண்டும். அங்கே 19, இங்கே 12 என்றால் நடுவில் கசிவு. அங்கே 19, இங்கேயும் 19, ஆனால் வந்து சேர நெடுநேரம் ஆகிறது என்றால் நடுவில் நசுங்கலோ அடைப்போ.

வரத்து சரியென்றால் மீதி ஒவ்வொரு துளையிலும் கை பம்பை வைத்து 15 அங்குலம் இழுங்கள். கேஜின் முள்ளை மட்டும் பார்ப்பது பாதி வேலைதான். எத்தனை முறை அடித்த பிறகு ஏறுகிறது, ஃபிளாப் நகரும் 'டக்' சத்தம் கேட்கிறதா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். நான்கு விதமாக நடக்கும்.

சில அடிகளில் மெதுவாக ஏறி, 'டக்' என்ற சத்தத்துடன் ஃபிளாப் நகர்ந்து, ஒரு நிமிடம் முள் நின்றால் அந்தக் கிளை முழுவதும் சரி.

இருபது முறை அடித்தும் முள் ஏறவே இல்லை என்றால் குழாய் கழன்றிருக்கிறது அல்லது டயஃப்ராம் கிழிந்திருக்கிறது.

முதல் அடியிலேயே முள் துள்ளி ஏறி, ஃபிளாப் அசையாமல் இருந்தால் குழாய் வழியில் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. பம்ப் இழுப்பது சில சென்டிமீட்டர் குழாயில் உள்ள காற்றை மட்டும்தான். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்: முள் நிற்பதைப் பார்த்து "இந்தக் கிளை நல்லது" என்று எழுதிவிடுவார்கள்.

வழக்கமான எண்ணிக்கையில் ஏறி நின்று, ஆனால் ஃபிளாப் நகரவில்லை என்றால் ஆக்சுவேட்டரையும் ஃபிளாப்பையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கிறது, அல்லது ஃபிளாப்பே இறுகியிருக்கிறது. பேனா மூடியும் நாணயமும் டிஃப்ராஸ்ட் துளை வழியாக விழுந்து ஃபிளாப்பைத் தடுப்பது உண்டு.

ஒரு நிமிடத்தில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். எஞ்சின் அதை ஈடுகட்டும். அதற்கு மேல் என்றால் தேட வேண்டும்.

8. ஸ்விட்ச் அல்லது சோலினாய்டு

வரத்து சரி, எல்லாக் கிளைகளும் சரி, ஆனாலும் மோடு மாறவில்லை என்றால் மிச்சம் இருப்பது நடுவில் உள்ள ஸ்விட்ச்தான். இந்த முடிவுக்கு வர வேண்டிய வழி இது மட்டுமே. 'ஸ்ஸ்' சத்தம் பேனலிலிருந்து வருகிறது என்பதற்காக நேரடியாக ஸ்விட்சை வாங்கிவிடாதீர்கள். டாஷ்போர்டின் உள்ளே சத்தம் எங்கிருந்தோ வந்து பேனல் வழியாகக் கேட்கும்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கன்ட்ரோல் உள்ள கிரவுன் விக்டோரியா, எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் திருகும் ஸ்விட்சுக்குப் பதில் கன்ட்ரோல் பெட்டியின் பின்னால் சோலினாய்டு பிளாக், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன வால்வுகளின் தொகுப்பு, இருக்கும். அதன் உள்ளே உள்ள சின்ன ஓ-ரிங்குகள் வருடக்கணக்கில் சூட்டில் இருந்து தட்டையாகிவிடும். இது அந்த வண்டிகளின் பேர்போன பழுது. முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டியதில்லை. பிளாக்கைப் பிரித்து, பழைய ஓ-ரிங் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டம், அதே தடிமனில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் வாங்குங்கள். மாட்டும்போது சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். சோலினாய்டுகளின் ஸ்பிரிங்குகளை இடம் மாற்றாதீர்கள், ஒவ்வொன்றாகப் பிரித்து மாட்டுங்கள்.

9. ஆக்சுவேட்டரை அதன் இடத்திலேயே சோதித்தல்

கிளை கசிகிறது என்று தெரிந்த பிறகு, குழாயா ஆக்சுவேட்டரா என்று பிரிக்க வேண்டும். கிளவ் பாக்ஸ் வழியாகக் கை எட்டும் ஆக்சுவேட்டரில் குழாயை எடுத்துவிட்டு பம்பை நேராக நிப்பிளில் மாட்டுங்கள். இங்கே 15 அங்குலம் நின்றால் குழாய்தான் குற்றவாளி. கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள இணைப்புக் கனெக்டரைப் பார்க்காமல் விடாதீர்கள். ஆடியோ ஆம்ப் மாட்டியவர்களும் கேபின் ஃபில்டர் மாற்றியவர்களும் இதைத் தெரியாமல் தளர்த்திவிடுவார்கள்.

இரண்டு நிப்பிள் உள்ள ஆக்சுவேட்டருக்கு உள்ளே இரண்டு டயஃப்ராம் இருக்கும். ஒன்றில் இழுத்தால் கம்பி பாதி தூரம், இரண்டிலும் இழுத்தால் முழுத் தூரம். காற்றைக் காலுக்கும் முகத்துக்கும் பிரித்துவிடுவது இந்தப் பாதி நிலைதான். ஒரு நிப்பிளில் இழுக்கும்போது இன்னொன்றின் வாயில் விரலை வையுங்கள். விரலை உறிஞ்சினால் நடு டயஃப்ராம் ஓட்டை. தனித்தனியாக அடைத்துச் சோதித்தால் இது நல்லதாகவே காட்டும், வண்டியில் மாட்டினால் மோடுகள் குழம்பும்.

10. குழாயை ஒட்டுதல்

உடைந்த நைலான் குழாயை பிளேடால் நேராக வெட்டி, உடைந்த நுனிகளை நீக்கிவிட்டு, இறுக்கமாகப் பிடிக்கும் ரப்பர் ஹோஸ் துண்டுக்குள் இரண்டு பக்கமும் 15 மி.மீ. செருகுங்கள். முனைகள் உள்ளே ஒன்றையொன்று தொட வேண்டும். பசை, சிலிகான் சீலர் எதுவும் வேண்டாம். உறிஞ்சும் பக்கம் சீலர் துணுக்கு உள்ளே போய் ஸ்விட்சின் துளையை அடைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சலைன் டியூபை பானட்டுக்குள் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினில் அது வேலை செய்யும். சூடேறியதும் மெத்தென்று ஆகி, வேக்குவத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பிறகு "காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் காற்று கண்ணாடிக்குப் போகிறது" என்று வண்டி திரும்பி வரும். வேக்குவத்துக்கென்று விற்கும் தடித்த சுவர் ரப்பர் ஹோஸையே போடுங்கள்.

11. ஓட்டிப் பார்க்காமல் பேனலை மூட வேண்டாம்

கனெக்டரை மாட்டி, திருகுகளைப் போடாமல் விட்டு, எஞ்சின் ஐடிலில் எல்லா மோடையும் தாளில் எழுதிய பழைய பட்டியலுடன் ஒப்பிடுங்கள். மேக்ஸ் ஏசியில் வைத்தால், கேபின் காற்றையே மறுபடி இழுக்கும் ரீசர்குலேஷன் ஃபிளாப் திறந்து, கிளவ் பாக்ஸ் பக்கம் ப்ளோயர் சத்தம் கூட வேண்டும். கூடவில்லை என்றால் அந்த ஒரு குழாயை மாட்டாமல் விட்டிருக்கிறீர்கள்.

பிறகு பேனலை ஒழுங்காகப் பொருத்தி, முகத்துக்கு வரும் மோடில் ஒரு மேட்டில் ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி 20, 30 விநாடி ஏறுங்கள். பாலம் ஏற்றமும் போதும். காற்று இடம் மாறாமல் இருக்க வேண்டும். திரும்பி வந்து எஞ்சினை அணைத்து, 5-ஆம் கட்டத்தில் செய்த சாவி ஆன் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டும் தேறினால் திருகுகளை முழுதாக முறுக்கி கிளவ் பாக்ஸை ஏற்றுங்கள். செக் எஞ்சின் பிழைக் குறியீடு இருந்திருந்தால் அதை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிய பின் மறுபடி ஸ்கேனர் வைத்துப் பாருங்கள்.